கரைப்பான்: தைலக் குப்பிக்குள் இருக்கும் மற்றொரு நீர்மம்

கரைப்பான் என்பது வேறொரு பொருளைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும் பொருள், பெரும்பாலும் நீர்மம். கரைவது கரைபொருள், இரண்டும் சேர்ந்தால் கரைசல். பள்ளி வேதியியல் நூல்கள் நிலைநிறுத்திய அருமையான சொற்கள் இவை.

‘சால்வென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘சொல்வெரே’. அவிழ்த்தல், தளர்த்துதல் என்று பொருள். தமிழ்ச் சொல்லின் வேர் நம் வாயிலேயே இருக்கிறது. ‘கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்’ என்கிறோமே, அந்தக் கரைத்தல்தான். தெளிப்பான், அழிப்பான் போல ‘ஆன்’ ஈறு பெற்றுக் கருவிப்பெயர் ஆகியிருக்கிறது. ‘திராவகம்’ என்ற வடசொல்லும் உருகி ஓடச் செய்வதையே குறித்தது. இன்று அது அமிலத்துக்கு உரியதாகிவிட்டதால் இங்கே பயன்படாது.

ஊட்டியிலும் குன்னூரிலும் யூகலிப்டஸ் தைலம் வாங்குகிறவர்கள், அதைப் பிரம்புக் குச்சி செருகிய நறுமணக் குப்பியில் ஊற்ற நினைக்கும்போது இந்தச் சொல் தேவைப்படுகிறது. ‘ரீட் டிஃப்யூசர்’ என்று கடைகளில் விற்கும் அந்தக் குப்பியைப் பிரம்பு மணம்பரப்பி எனலாம். நெருப்பும் மின்சாரமும் இல்லாமல், பிரம்பின் நீளவாக்கில் ஓடும் நுண்துளைகள் வழியே நீர்மம் மேலேறி, காற்றில் ஆவியாகும். மூங்கில் குச்சி ஆகாது. கணு வழியை அடைத்துவிடும்.

ஆக, இங்கே கரைப்பானுக்குக் கரைக்கும் வேலை மட்டும் இல்லை. மணத்தைச் சுமந்து ஏறவும் வேண்டும், அதனோடு ஆவியாகவும் வேண்டும். சித்த மருத்துவத்தில் சூரணத்தை உள்ளே கொண்டு சேர்க்கும் தேனும் நெய்யும் அனுபானம் எனப்படுவதுபோல, இதுவும் ஓர் அனுபானம்.

தண்ணீர் தைலத்தோடு கலக்காது. எத்தனால் நன்றாகக் கரைக்கும். ஆனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது என்பதால் விரைவில் பறந்துவிடும். சுடர் பட்டால் அதன் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். சுடர் இல்லாத குப்பி என்று நம்பிப் பூஜை விளக்கின் அருகே வைப்பது ஆபத்து. தேங்காய் எண்ணெய் மலையில் படும் பாட்டை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், உறையாவிட்டாலும் ஆவியாகாமல் குச்சியை அடைக்கும்.

தொழிலில் பலரும் நாடுவது டைபுரோப்பிலீன் கிளைக்கால் மெத்தில் ஈதர். ‘டிபிஎம்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது நீர்த்திருக்கும், சுமார் 190 டிகிரியில் கொதிக்கும். 1843-இல் நீலகிரிக்கு வந்த தைல மரத்தின் எண்ணெயில் மிகுந்திருக்கும் சினியோல் என்ற மணப்பொருள் 176 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. எத்தனாலைப் போல வெகுதூரம் முந்தி ஓடாமல், டிபிஎம் தைலத்தோடு ஓரளவு இணைந்தே போகிறது. பெயரில் நெருங்கிய டைபுரோப்பிலீன் கிளைக்கால் வேறு பொருள், அது கொழகொழப்பானது. குளிரில் எந்த நீர்மமும் மேலும் கெட்டிப்படும் என்பதால், சமவெளியில் அதைக் கொஞ்சம் கலந்து பழகியவர்கள் உதகையின் மார்கழிக்கு அளவைக் குறைப்பதே நல்லது.

விற்பவர்கள் பலர் சீட்டில் ‘பேஸ்’ என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். அது எத்தனாலா, டிபிஎம்மா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ‘கரைப்பான்’ என்று எழுதி, பக்கத்திலேயே அதன் வேதிப்பெயரையும் எழுத வேண்டும். எத்தனால் என்றால் ‘எளிதில் தீப்பற்றும்’ என்பதையும் தமிழிலேயே சேர்க்க வேண்டும்.