கோடி: தனுஷ்கோடியில் இருப்பது எந்தக் கோடி?

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களின் கதை தனுஷ்கோடியைத் தொட்டுத்தான் வரும். பாட்டனும் பூட்டனும், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பலேறிய கரை அது. இன்றைய பிள்ளைகளுக்குக் கோடி என்றதும் நூறு லட்சம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பெயரில் அது எண் அல்ல. நுனி, முனை, எல்லை.

தனுசு என்றால் வில். வில்லின் வளைந்த நுனியை வடமொழியில் கோடி என்பார்கள்; எண்ணின் பெயரும் அதே சொல்தான். இராமன் தன் வில்நுனியால் சேதுவை உடைத்த இடம் என்று தலபுராணம் சொல்லும். தமிழிலும் ‘கோடு’ என்றால் வளைவு, கொம்பு, மலையுச்சி. திருச்செங்கோடு சிவந்த மலை. வேர் எதுவானாலும், தெருக்கோடி, கடைக்கோடி, கோடிக்கரை என்று நம் பேச்சில் ஊறிவிட்ட சொல்லை இரவல் என்று தள்ள எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டின் பின்புறம்கூட ‘கோடி’தான். மலையகத்தில் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசி வீட்டுக்கு மட்டும் நாம் ‘தொங்கல் காம்பரா’ என்கிறோம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் தாலமி எழுதிய ‘கோரி’ முனை இந்தப் பக்கத்துக் கோடிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வளவு காலமாகக் கடலோடிகள் அறிந்த கரை.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அப்புறம் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடியில் நிற்கும். அங்கே கப்பல் மாறி, சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கலாம். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் அந்த வழியில் ஓடின. தோட்டத்துக்கு வருகிறவர்களை முன்னதாக மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய்ச் சோதனை முடித்துத்தான் அனுப்புவார்கள்.

1964 அக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது; இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதனால்தான் ஒப்பந்தத்தில் போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். முன்னோர் புறப்பட்ட துறை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சரி, கடலுக்குள் நீண்ட நிலத்தை ஆங்கிலத்தில் ‘கேப்’ (cape) என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன எழுதுவது? பாடநூல்களில் வரும் ‘முனை’ நல்ல சொல். நன்னம்பிக்கை முனை, தெய்வேந்திரமுனை போல. ஆனால் ‘தனுஷ்கோடி முனை’ என்றால் கூறியது கூறல். தனுஷ்கோடி என்றாலே போதும்.