வெயில் அடித்தும் வாளி ஏன் காலி?

ஸ்காபரோவில் வாழும் வாசகி ஒருவர், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் எல்மைராவுக்கு ஒருநாள் பயணம் போய்வந்த கதையை எழுதியிருந்தார். 1965 முதல் அவ்வூரில் நடந்துவரும் மேப்பிள் பாகுத் திருவிழாவைப் பார்த்துவிட்டுத் தோப்புக்குள் போயிருக்கிறார்கள். பிற்பகலில், மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளையும் கண்டிருக்கிறார்கள். எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர: சாறு பிடிக்க மேப்பிள் மரங்களில் தொங்கவிட்ட வாளிகளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. "முந்தின இரவுகூடக் குளிரவில்லை, காலையிலிருந்தே இதமான வெயில். மரத்துக்கு இதைவிட நல்ல நாள் ஏது?" என்று கேட்கிறார். குளிராத அந்த இரவுதான் வாளியைக் காலியாக வைத்தது.

பனையில் பாளையைச் சீவினால் பதநீர் வடிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மேப்பிளும் அதுபோலத்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பதநீர், இலைகள் சமைத்த சர்க்கரையைச் சுமந்து செல்லும் ஃபுளோயத்திலிருந்து வருகிறது. மேப்பிளிலோ, மார்ச் மாதத்தில் இலை ஒன்றுகூட இருப்பதில்லை. தண்டின் மரப்பகுதியான சைலத்தில், ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள துளையிட்டுச் சாறு எடுக்கிறார்கள். அதில் உள்ள சர்க்கரை, சென்ற கோடையில் உருவாகி, தரசமாகச் சேமிக்கப்பட்டு, குளிர்காலத்தில் மீண்டும் சுக்ரோஸாக மாறியது. அளவு 2 சதவீதம்தான் என்பதால், 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். இலையே இல்லாததால், கோடையில் நீரை மேலே இழுக்கும் நீராவிப்போக்கும் இல்லை. அப்படியானால் சாற்றைத் துளை வழியே வெளியே தள்ளுவது எது?

வேர்தான் தள்ளுகிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். பிர்ச் மரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் மேப்பிளின் தண்டை வெட்டி எடுத்து, நீர் கிடைக்கும்படி வைத்து, உறையவும் உருகவும் விட்டால், வேரே இல்லாத அந்தத் துண்டும் சாற்றைக் கசிகிறது. எனவே விசை தண்டுக்குள்ளேயே பிறக்கிறது.

மேப்பிளின் மரப்பகுதியில், நீர் ஓடும் சைலக் குழாய்களைச் சுற்றிலும் சைலம் நார்கள் நெருக்கமாக நிற்கின்றன. வேறு பல மரங்களில் இந்த நார்களுக்குள் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளிலோ அவற்றுக்குள் வாயு அடைபட்டிருக்கிறது. இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும்போது முதலில் மெல்லிய கிளைகள் குளிர்கின்றன. குழாயிலிருந்து நீர் நார்களுக்குள் சென்று, அவற்றின் உட்சுவரில் உறைபனியாகப் படிகிறது. பனி தடிக்கத் தடிக்க, வாயு ஒதுங்க இடமின்றி நெருக்குண்டு அமுங்குகிறது. நீரை இழந்த குழாய்களில் உறிஞ்சுவிசை உண்டாவதால், கீழே இன்னும் உறையாத வேர்கள் மண்ணிலிருந்து புதிய நீரை இழுத்துக்கொள்கின்றன. பம்பு அடித்து வைப்பதுபோல, மரம் இரவு முழுவதும் தன்னை நிரப்பிக்கொள்கிறது.

காலையில் வெயில் ஏறியதும் பனி உருகுகிறது. அமுங்கிக் கிடந்த வாயு விரிந்து, நீரைக் குழாய்களுக்குள் திருப்பித் தள்ளுகிறது. மேலே இருக்கும் நீரின் எடையும் சேர்ந்துகொள்ள, தண்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் உயரக்கூடும். கார் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றில் பாதிக்கும் அதிகம். அந்த நிலையில் துளை ஒன்று கிடைத்தால், சாறு மேலிருந்தும் கீழிருந்தும் அதை நோக்கி ஓடிவருகிறது.

மில்பர்ன், ஓமாலி ஆகிய இரு ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அழுத்தத்தில் இருக்கும் வாயு நீரில் கரையும். அப்படியானால் நார்களுக்குள் உள்ள குமிழிகள் விரைவிலேயே மறைந்து, பொறி நின்றுபோக வேண்டும். மேலும், ஆய்வகத்தில் வெறும் நீரைக் கொடுத்தால் தண்டு ஒழுங்காக வேலை செய்வதில்லை, சுக்ரோஸ் கலந்து கொடுத்தால் செய்கிறது என்பதும் புதிராக இருந்தது. மெல்வின் டைரியும் அவருடைய கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நாருக்கும் குழாய்க்கும் இடையே உள்ள சுவர் நீரை விடும், சுக்ரோஸை விடாது என்று காட்டியது. ஆகவே குழாயில் இனிப்பு நீர், நாரில் ஏறத்தாழத் தூய நீர். சவ்வூடு பரவல் (சர்க்கரை மிகுந்த பக்கத்துக்கு நீர் நகர்வது) காரணமாக நீர் நாரிலிருந்து குழாய்க்கு இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது, வாயுவுக்கு இடம் மிஞ்சுகிறது. நாம் தோசையில் ஊற்றிச் சுவைக்கும் அந்தச் சர்க்கரைதான் பொறியின் காவலாளி என்பதை முதன்முதலில் படித்த நாளில் நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

பல நூற்றாண்டுகளாக வட அமெரிக்கப் பழங்குடியினரான அனிஷினாபே மக்கள் காய்ச்சிவந்த ஒரு சாற்றின் இயக்கம், நிலவில் மனிதன் கால்வைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் இந்த அளவுக்குத் துலங்கியது. வெர்மான்ட் பல்கலைக்கழகம் 1946 முதல் மேப்பிளுக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை நடத்திவருவது போன்ற பொறுமையான முதலீடுகள் இல்லாவிட்டால், இதுவும் நடந்திருக்காது. "இதனால் என்ன லாபம்?" என்ற கேள்வியோடு மட்டும் நிதி ஒதுக்குவோர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

வாசகி பிற்பகலில் பார்த்த போர்வைகளிலும் வேலை செய்வது அடைபட்ட காற்றுதான். மேலே துண்டுத்துணிகளை இணைத்த கோலம், கீழே ஒரு துணி, நடுவே பஞ்சோ கம்பளியோ பரப்பிய அடுக்கு. காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் அசைய இடம் கிடைத்தால் வெப்பத்தைச் சுமந்துகொண்டு ஓடிவிடும். பஞ்சு அதைச் சின்னஞ்சிறு அறைகளாகப் பிரித்து அசையவிடாமல் பிடித்துவைக்கிறது. மூன்று அடுக்கையும் ஊடுருவிச் செல்லும் நுண்தையல், அழகுக்கு மட்டும் போடப்படுவதன்று. தையல் மிக விலகினால் பஞ்சு ஒருபுறம் திரண்டுவிடும், மிக நெருங்கினால் அடுக்கு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை, இயற்பியல் படிக்காத கைகள் தலைமுறைகளாக அறிந்திருக்கின்றன. மரம் தன் காற்றை அமுக்கி விசையாக்குகிறது. போர்வை அதை அமுங்கவிடாமல் வெப்பம் காக்கிறது.

ஆகவே, அடுத்த முறை போகும் முன் திருவிழாத் தேதியை மட்டும் பார்க்காமல், வானிலை அறிக்கையையும் பாருங்கள். இரவில் சுழியத்துக்குக் கீழே நான்கைந்து பாகையும், பகலில் மேலே நான்கைந்து பாகையும் இருக்குமானால் அதுவே நாள். அப்போதும் விடியற்காலையில் போய் நிற்க வேண்டாம். கிளைகள் உருக நேரம் வேண்டும் என்பதால், முதலில் எல்மைராவுக்கு அருகிலுள்ள செயின்ட் ஜேக்கப்ஸ் ஊரில் போர்வைகளைப் பார்த்துவிட்டு, உச்சிவேளைக்குத் தோப்புக்கு வாருங்கள். மொட்டுகள் விரியத் தொடங்கிவிட்டால் சாற்றின் சுவையும் கெட்டுவிடும், விவசாயிகள் துளைகளில் செருகிய வடிகுழாய்களைக் கழற்றிவிடுவார்கள்.