திரிபு: ‘வேரியன்ட்’ என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல்

2021 மே மாதம் சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்ஸிஜன் படுக்கைகளோடு தற்காலிக சிகிச்சை மையம் திறந்தார்களே, அந்த நாட்களில் ஊர் முழுக்கப் புழங்கிய சொல் ‘உருமாறிய கொரோனா’. பேப்பரிலும் டிவியிலும் அதுதான், ஐந்து ரோடு டீக்கடைப் பேச்சிலும் அதுதான். கேட்டவர்கள் பலர், ஒரு கிருமி நம் உடம்புக்குள் இருந்தபடியே, புழு பட்டாம்பூச்சி ஆகிற மாதிரி, வேறு ஆளாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். சொல் அப்படித்தான் நினைக்கவைக்கும், உயிரியல் பாடத்தில் உருமாற்றம் என்பதற்கு அதுதானே பொருள். ஆனால் வைரஸ் விஷயத்தில் எந்தக் கிருமியும் அப்படி மாறுவதில்லை. அது தன்னைப் படியெடுக்கிறது, எடுக்கும் படியில் எழுத்துப் பிழை விழுகிறது, பிழையோடு பிறந்த படி மறுபடி படியெடுக்கிறது. அதனால் ‘உருமாறிய’ என்பதை விட்டுவிட்டு ‘திரிபு’ என்றே எழுதுவோம்.

‘வேரியன்ட்’ லத்தீன் வேரியாரே என்ற வினையிலிருந்து வந்தது, வேறுபடுதல் என்று பொருள். மூலத்திலிருந்து வேறுபட்ட ஒன்று, அவ்வளவுதான். அது கொடியதா சாதுவா என்கிற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் கிடையாது. கூடவே வரும் ‘மியூட்டேஷன்’ வேறு சொல், லத்தீன் மியூட்டாரேயிலிருந்து. டச்சு தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் ஈவினிங் ப்ரிம்ரோஸ் செடிகளில் திடுதிப்பென்று தோன்றிய புது வகைகளைப் பார்த்துவிட்டு 1901இல் இந்தச் சொல்லை மரபியலுக்குள் கொண்டுவந்தார். நம் பாடநூல்களில் சடுதிமாற்றம், திடீர்மாற்றம் என்றெல்லாம் இருப்பதில் அவர் பார்த்த அந்தத் திடீர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொரோனா வைரஸில் நடப்பது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்து என்கிற அளவில் சேரும் பிழைகள், அதற்கு ‘பிறழ்வு’ பொருத்தமாக இருக்கிறது. ஒற்றை எழுத்துப் பிழை பிறழ்வு, குறிப்பிட்ட பிறழ்வுகளைக் கூட்டாகச் சுமக்கும் வைரஸ் திரிபு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிச் செய்தி புரிந்துவிடும்.

சரி, ஏன் திரிபு? பள்ளியில் விகாரப் புணர்ச்சி படித்திருப்போம்: தோன்றல், திரிதல், கெடுதல். மா, பழம் சேர்ந்து மாம்பழம் ஆகும்போது ஒரு ம் புதிதாகத் தோன்றுகிறது. கல், சிலை சேர்ந்து கற்சிலை ஆகும்போது ல் என்பது ற் ஆகிறது. மரம், நிழல் சேர்ந்து மரநிழல் ஆகும்போது ம் கெடுகிறது. தொல்காப்பியம் இந்த மூன்றையும் மிகுதல், பிறிதாதல், குன்றல் என்று பிரித்து, மூன்றுக்கும் பொதுவாகத் ‘திரிபு’ என்கிறது. கொரோனா வைரஸின் மரபுச் செய்தி எழுதப்பட்ட இழையான ஆர்என்ஏ சுமார் 29,900 எழுத்துகள், ஏ, யு, ஜி, சி என்று நான்கே எழுத்துகளால் ஆனது. அந்த நீளமான வரியில் நடக்கும் மாற்றங்களும் இதே மூன்று வகைதான்! 2020இன் தொடக்கத்திலேயே உலகம் முழுக்கப் பரவிய டி614ஜி என்ற பிறழ்வு, ஓர் எழுத்து வேறொன்றாகத் திரிந்ததால் வந்தது. ஒமிக்ரானின் முதல் வகையில் வைரஸின் மேல் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்தின் 214ஆம் இடத்தில் மூன்று அமினோ அமிலங்கள் (புரதத்தின் கண்ணிகள், ஒன்றுக்கு மூன்று எழுத்து), அதாவது ஒன்பது எழுத்துகள், புதிதாகத் தோன்றியிருந்தன. 69, 70 ஆகிய இடங்களில் ஆறு எழுத்துகள் கெட்டிருந்தன.

அந்த ஆறு எழுத்துகள்தான் 2021 டிசம்பரில் செய்திகளில் அடிபட்ட ‘எஸ் ஜீன் டிராப்’. ஒருவகை பிசிஆர் கிட் வைரஸின் மூன்று மரபணுப் பகுதிகளைத் தேடும். முள் புரதத்துக்கான எஸ் பகுதியில் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் எழுத்து இல்லாததால், மற்ற இரண்டும் பாசிட்டிவ் காட்டும், எஸ் மட்டும் காட்டாது. மரபணு முழுசாகக் காணாமல் போகவில்லை, ஆறே எழுத்துதான். அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டாவில் இந்தக் குறை இல்லாததால், வைரஸின் எழுத்துகள் முழுவதையும் வாசித்த வரிசை கைக்கு வரும் முன்பே ‘இது ஒமிக்ரானாக இருக்கலாம்’ என்று சந்தேகப்பட முடிந்தது.

சந்தேகம் போதாது, முழுதாக வாசித்துப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆய்வகத்து பிசிஆர் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எந்தத் திரிபு என்று பொதுவாகச் சொல்லாது. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசின் மரபணு வரிசை ஆய்வகம் திறக்கும்வரை தமிழ்நாட்டு மாதிரிகள் வெளிமாநிலம் போய்த் திரும்பின. வாசிப்பதில் என்ன லாபம்? ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளில் நாலைந்து பேருக்குக் காய்ச்சல், அதே வாரம் கீழே சேலம் அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்திலும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்து வைரஸிலும் வேறெங்கும் அதிகம் காணாத அதே மூன்று பிறழ்வுகள் இருந்தால், இரண்டும் ஒரே சங்கிலியாக இருக்க நிறைய வாய்ப்பு, மலைக்கும் ஊருக்கும் இடையில் யார் போய்வந்தார்கள் என்று தேடலாம். பிறழ்வுகள் வேறு வேறாக இருந்தால், தனித்தனியாக இரண்டு முறை கிருமி நுழைந்திருக்கவே வாய்ப்பு அதிகம், தேட வேண்டிய இடமும் வேறு. இப்படிப் பிழைகளைப் பின்தொடர்ந்து வரையும் படத்தில் ஒவ்வொரு கிளையையும் ஆங்கிலத்தில் லீனியேஜ் என்பார்கள். அதற்கு ‘கால்வழி’ என்ற பழைய சொல் கச்சிதம்.

திரிபு என்றால் புரட்டு என்ற பொருளும் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. ‘செய்தியைத் திரித்து’ என்கிறோம், பால் திரிந்தால் கொட்டிவிடுகிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் இடம் பார்த்துத்தான் எந்தச் சொல்லும் பொருள் தருகிறது, மரபணு எழுத்துகளைப் பற்றிய பேச்சில் எழுத்திலக்கணத்துப் பொருள்தான் முதலில் வந்து நிற்கும். ஊர்ப்பெயரை வைத்துத் திட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொடுத்தது, அதுவரை ‘இந்திய வகை’ என்று சொல்லப்பட்டது டெல்டா ஆனது.

ஆக, எழுதும்போது: டெல்டா திரிபு, 614ஆம் இடத்தில் பிறழ்வு, ஒமிக்ரானின் ஜேஎன்.1 கால்வழி. ‘வீரியமிக்க’ என்ற அடைமொழியை ஆய்வு அப்படிச் சொன்னால் மட்டும் சேர்க்கவும்.