உப்பு போட்டால் மருந்தே வேண்டாமா? யார் சொன்னது?

கோடை விடுமுறை வந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே ரகம். "குளத்தை உப்புக்கு மாத்திட்டோம் சார், ஆனா தண்ணி பச்சையாயிடுச்சு." தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டி, ஓரமாக ஒரு நீச்சல் குளமும் வைத்துக்கொள்வது இப்போது பெருகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கே உப்புக் குளத்தில் நீந்தியிருப்பார். இங்கேயும் அப்படி மாற்றச் சொல்லிப் பணம் அனுப்புவார். மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாற்றும் விதத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

போன வாரம் ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, உப்புத் தண்ணியில கிருமியே வராதாமே? அப்புறம் எதுக்கு மருந்து, சோதனையெல்லாம்?" அவரைக் குறை சொல்ல முடியாது. கருவியை விற்றவர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

உப்புக் குளமும் குளோரின் குளம்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை, ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் மீனிலிருந்து நுண்ணுயிர் வரை எல்லாம் வாழ்கின்றன. நம் கண்ணீரில் சுமார் 9 கிராம். உப்புக் குளத்தில் நாம் போடுவது லிட்டருக்கு 3 கிராம் சொச்சம். அந்த 3 கிராமைப் பார்த்து எந்தக் கிருமி பயப்படும்? உப்பு அங்கே வெறும் மூலப்பொருள். குழாயில் பொருத்தியிருக்கும் உப்புக் கருவியின் செல்லுக்குள், அதாவது மின் தகடுகள் இருக்கும் பெட்டிக்குள், மின்சாரம் பாயும்போது, உப்பில் இருக்கும் குளோரைடு குளோரினாக மாறுகிறது. கிருமியைக் கொல்வது அந்தக் குளோரின். முன்பு கடையில் வாங்கிப் போட்டதை இப்போது மோட்டார் அறையிலேயே தயாரிக்கிறீர்கள், அவ்வளவுதான். செல் ஓடாவிட்டால் உங்களிடம் இருப்பது லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீர்த் தொட்டி.

"வாடையே இல்லையே, கண்ணும் எரியலையே" என்பார்கள். மூக்கில் ஏறும் அந்த வாடை வியர்வை, சிறுநீரோடு சேர்ந்துவிட்ட குளோரினின் வாடை. குளிக்காமல் குதிக்கும் கூட்டம் இருந்தால் உப்புக் குளத்திலும் அதே வாடை வரும். வாடை இல்லை என்பது எதற்கும் அத்தாட்சி அல்ல. தண்ணீர் பளிங்குபோல் இருப்பதும் அப்படித்தான்.

2024-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவால் குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது ஒரே பதற்றம். எல்லோரும் சோதனைப் பெட்டி கேட்டார்கள். இரண்டு மாதத்தில் பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது. எதனோடும் சேராமல் தனியாக இருக்கும் குளோரின் 2 பிபிஎம்முக்குக் கீழே (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) இறங்கக் கூடாது, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. உப்புக் கருவி ஓட ஓட பிஹெச் மேலே ஏறிக்கொண்டே போகும். 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. அதை இறக்க ஆசிட் வாங்கும் செலவு தொடரும் என்பதையும் விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, பழைய தண்ணீருக்கு வருகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஓடுவது டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை. 1 கிலோ மாத்திரை கரைந்தால் ஏறக்குறைய 550 கிராம் சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடும். 45,000 லிட்டர் குளத்தில் அது 12 பிபிஎம். வாரம் ஒரு கிலோ போட்டால் மூன்று மாதத்தில் 150. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதற்கு இந்த அமிலம் கொஞ்சம் வேண்டும்தான். உப்புக் கருவிக்கு 60, 80 வரைகூடக் கேட்பார்கள். 100-ஐத் தாண்டினால் அதே அமிலம் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துக் கருவி பொருத்திய பிறகும் தண்ணீர் பச்சை பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் அது போகாது. தண்ணீரை இறக்கி, புதிதாக நிரப்ப வேண்டும்.

டெல்டாவில் அதற்கும் காலம் நேரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். அப்போது குளத்தை மொத்தமாகக் காலி செய்தால் அடியிலிருந்து வரும் அழுத்தம் தொட்டியையே மேலே தூக்கி விரிசல் விட வைத்துவிடும். பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். அப்போதும் மூன்றில் ஒரு பங்காக இறக்கி இறக்கி நிரப்புங்கள்.

நிரப்பும் போர் தண்ணீரையும் முதலில் சோதியுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போரிலேயே உப்பு ஏறியிருக்கும். கணக்குப் பார்க்காமல் மூட்டையைக் கவிழ்த்தால் அளவு தாண்டி கருவி தானாக நின்றுவிடும். உப்பு வேதாரண்யத்து உப்பாக இருக்கலாம், நம் ஊர்ச் சரக்குதான். ஆனால் மண்ணும் கசடும் இல்லாத சுத்திகரித்த உப்பாக, அயோடின் சேர்க்காததாக வாங்குங்கள். சாணி நிறத்தில் இருக்கும் மலிவு மூட்டை வேண்டவே வேண்டாம்.

இனிமேல் சொல்வது கெஞ்சல். மாறும் நாளில் மோட்டார் அறையில் இருக்கும் பழைய மருந்தையெல்லாம் காலி செய்யுங்கள்.

பாபநாசத்துக்கு அருகே ஒரு வீடு. மீதமிருந்த டிசிசிஏ டப்பாவை யாரும் எடுக்கவில்லை. கருவி கொஞ்சம் பழகும்வரை இருக்கட்டும் என்று கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒரு டப்பா வாங்கி அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் பேர் 'குளோரின்', இரண்டுக்கும் ஒரே பிளாஸ்டிக் மக்கு. மாத்திரைத் தூள் ஒட்டிய ஈர மக்கை ஹைப்போ டப்பாவுக்குள் விட்டிருக்கிறார் காவலுக்கு இருந்தவர். உஸ்ஸென்று சத்தம், டப்பா சூடேறி மஞ்சள் புகை. அவர் அதைத் தூக்கி வெளியே எறிய ஓடியதில் புகை நேராக நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தார். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். இந்தக் கலவை தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மாத்திரை அமிலத்தன்மை, ஹைப்போ காரத்தன்மை. ஒரே வேலையைச் செய்வதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஆகவே: ஒரு மருந்துக்கு ஒரு மக்கு. மாத்திரை போட்ட மிதவையில் ஹைப்போ போடாதீர்கள், எத்தனை முறை கழுவியிருந்தாலும். ஆசிட் கேன் தனி இடத்தில் இருக்கட்டும். ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தாலும் விஷ வாயுதான். கரைக்கும்போது வாளியில் தண்ணீரை முதலில் பிடித்து, பிறகு மருந்தைப் போடுங்கள். புகை கிளம்பினால் டப்பாவைத் தொடாதீர்கள், மூடியைப் போட்டு அடைக்காதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி 101-ஐக் கூப்பிடுங்கள். வேலைக்கு இருப்பவரிடம் இதையெல்லாம் வாயால் சொல்லுங்கள். டப்பாவில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதை அவர் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

சிலர் பிஹெச்எம்பி என்ற திரவ மருந்துக்கு மாறுகிறார்கள். அது குளோரினோடு ஒத்துப்போகவே போகாது. மிச்சக் குளோரின் இருக்கும்போது ஊற்றினால் பிசுபிசுப்பாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். செம்பு, வெள்ளி அயனிக் கருவி வைத்தாலும் குளோரின் கொஞ்சம் வேண்டும்.

மின்சாரம் போனால் செல்லும் நிற்கும். 2018 கஜா புயலில் நாள்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஒரு கேன் எப்போதும் இருக்கட்டும். அது வெயிலில் வீரியம் இழக்கும், பழையதை நம்பாதீர்கள்.

கடைசியாக பேக்வாஷ் தண்ணீர், அதாவது வடிகட்டியைத் திருப்பி அலசி வெளியேற்றும் தண்ணீர். உப்புக்கு மாறிய பிறகு ஒவ்வொரு தடவையும் சில நூறு லிட்டர் உப்புத் தண்ணீர் வெளியே போகும். குழாயைக் கொண்டுபோய் வாழைக் கொல்லையில் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இலை ஓரம் கருகிய பிறகு உரக்கடைக்கு ஓடுகிறார்கள். பக்கத்து வயலுக்குப் பாயும் வாய்க்காலில் விட்டால் அது அவர் நாற்றங்காலுக்குத்தான் போகும். கருவிக்கு முன்பணம் கொடுக்கும் முன், இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று பொருத்த வருபவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் இப்போதைக்குப் பழைய முறையிலேயே இருங்கள்.