தூண்டல் வேறு, ட்ரிகர் வேறு

லத்தீனில் ‘ஸ்டிமுலஸ்’ என்றால் மாடு ஓட்டும் முட்கோல். நம் தார்க்குச்சியேதான்: குச்சி நுனியில் சின்ன ஆணி. உளவியலில், ஒருவரிடம் பதிலைக் கிளப்பும் ஒளி, ஒலி, சொல் போன்றவற்றுக்கு அது பெயரானது. தமிழ்ப் பாடநூல்கள் இதைத் ‘தூண்டல்’ என்றன, அதற்கு வரும் பதிலைத் ‘துலங்கல்’ என்றன. நல்ல சொற்கள். மாடு போய் விளக்கு வந்துவிட்டது. திரியைத் தள்ளும் தூண்டுகோலும் இதே ‘தூண்டு’தான்.

சிக்கல் ‘ட்ரிகர்’ என்பதில். ‘இழு’ என்ற பொருளுள்ள டச்சு வினையில் பிறந்து, துப்பாக்கி விசைக்கு ஆன சொல். இதையும் ‘தூண்டி’ என்று எழுதுகிறார்கள். தூண்டல்களைத் திரையில் காட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி கூடத்தில் அது எதையும் தூண்டுவதில்லை. எந்தத் தூண்டல் எப்போது வந்தது என்று கணினி பதிவுக் கருவிக்கு ஓர் எண்ணால் சொல்லும் மின்துடிப்பு, அவ்வளவே. ‘நேரக்குறி’ என்பதே பொருந்தும்.

பெயர் கலந்தால் இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதாகத் தோன்றும். நடப்பதில்லை. நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம், அதாவது ஒரு புதுப்பிப்பு, 16.7 மில்லிநொடி. ‘கொலுசு’ என்ற சொல்லை 200 மில்லிநொடி காட்ட 12 சட்டகம் போதும். 40 கேட்டால் கிடைக்காது, 33 அல்லது 50தான். திரை மேலிருந்து கீழே வரைவதால் நடுவிலுள்ள சொல் மேல்விளிம்பைவிடச் சுமார் 8 மில்லிநொடி பிந்தும். எல்சிடியின் சொந்தத் தாமதம் தனி. நிரலில் வரையச் சொன்ன வரிக்கு அடுத்த வரியிலேயே குறியை அனுப்பினால் குறி முந்திவிடும். சைக்கோபை போன்ற சோதனை நடத்தும் மென்பொருளில் அதைத் திரை மாறும் கணத்தோடு கட்டவேண்டும்.

சரிபார்க்க, சொல் வரும்போதெல்லாம் திரை மூலையில் வெள்ளைச் சதுரம் ஒன்றையும் காட்டி, அதன்மேல் ஒளியுணரியை ஒட்டி, அதன் வெளியீட்டைப் பதிவுக் கருவியின் உபரி உள்ளீட்டு வாய்க்குக் கொடுங்கள். 100 முறை ஓட்டுங்கள். குறிக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள தாமதம் மாறாதிருந்தால் கழித்துவிடலாம். அவ்வப்போது 16, 17 மில்லிநொடி தாவினால் சட்டகம் தவறுகிறது: இரண்டு திரையில் ஒரே படம் ஓடுகிறதா, பின்னணியில் அப்டேட் நடக்கிறதா, படக்கோப்பைச் சோதனை நடுவே வட்டிலிருந்து எடுக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 1000 முறை அளக்கும் 1000 ஹெர்ட்ஸ் பதிவில் துடிப்பை 5 முதல் 10 மில்லிநொடி நிறுத்தி, பிறகு சுழியத்துக்கு இறக்குங்கள். இறக்காவிட்டால் அடுத்து அதே எண் வரும்போது கருவிக்குத் தெரியாது.

தமிழ்ச் சொற்களைப் படமாக்கிச் சேமிப்பதே பாதுகாப்பு. சில மென்பொருள்களில் ‘கொ’வின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் போய்விடும்.

இந்த வேலை முழுவதையும் ‘தூண்டல் காட்டல்’ என்போரும் உண்டு. ஒலியைக் காட்ட முடியாதே. ‘தூண்டல் அளித்தல்’ என்றால் இரண்டுக்கும் ஆகும். ஒலி அளிக்கும்போது மட்டும் புளூடூத் ஹெட்போன் வேண்டாம், தாமதம் பெரிது.