பல்லிக்குச் செய்த பெட்டியைக் கோழிக்குஞ்சுக்கு மாட்டாதீர்கள்

போன கிழமை வன்னியில், விசுவமடுவில் ஒரு வீட்டு முற்றத்தில் சாக்கை அவிழ்த்துக் காட்டினார்கள். 62 குஞ்சு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை தட்டையாகவே போயிருந்தன. இந்த மாரிக்கு இது மூன்றாவது வீடு. "ஏதும் வருத்தம் பரவுதோ டொக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார். வருத்தம் இல்லை அம்மா, குளிர்.

கூட்டில் பல்பு இருந்தது, லண்டனிலிருந்து மகன் அனுப்பிய தெர்மோஸ்டாட்டும், அதாவது சூட்டைப் பார்த்து பல்பைப் போட்டு அணைக்கும் பெட்டியும் இருந்தது. அது பழுதில்லை, அதுதான் பிரச்சினை. பல்லி, பாம்பு, ஆமை வளர்ப்பவர்களுக்காகச் செய்த பெட்டி அது. முகப்பில் ஒரு சின்னக் கண் இருக்கும். வெளிச்சம் பட்டால் பகல் சூடு, இருட்டினால் இரவுச் சூடு. ஊர்வனவற்றுக்கு இரவில் சூடு இறங்குவது இயல்பு. கோழிக்குஞ்சுக்கு அப்படி ஓர் இரவே கிடையாது. முதல் கிழமை 33 முதல் 35 பாகை, பகலும் அதுதான், நடுச்சாமமும் அதுதான், பிறகு கிழமைக்கு 2, 3 பாகையாகக் குறைக்கலாம். மாரி மப்பில் கிடுகுக் கொட்டிலுக்குள் மத்தியானமே இருட்டிவிடுகிறது, அப்போதும் அந்தக் கண் இரவென்றுதான் நினைக்கும்.

இன்னொரு வீட்டில் கண்ணின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள், ஒட்டினால் அது வேலை செய்யாதாம். ஐயோ, மூடினால் அதற்கு இருபத்துநாலு மணிநேரமும் இரவு! டேப்பைக் கழற்றுங்கள். இரவுத் திருகியையும் பகல் திருகியையும் ஒரே எண்ணில் வையுங்கள். அப்படி வைக்க முடியாத பெட்டியென்றால் குஞ்சுக் கூட்டுப் பக்கமே கொண்டுவர வேண்டாம். சூடு பார்க்கும் வயர் முனை குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், பல்புக்குக் கிட்ட வைத்தால் உமி குளிர்ந்து கிடக்கும்போதே பல்பு அணைந்துவிடும்.

"வன்னியில் என்ன பெரிய குளிர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் இங்கே வளர்ந்த மாடுகளே விறைத்துச் செத்தன.

சரி, பெட்டி என்ன எண் காட்டினாலும் குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே குவிந்து கீச்சிட்டால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கிச் செட்டையை விரித்து மூச்சு வாங்கினால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். முதல் கிழமை சாமத்தில் ஒருதரம் டோர்ச்சோடு எழும்பிப் போங்கள். கரண்ட் நின்றால் சிரட்டைக்கரிச் சட்டி வைக்கலாம், ஆனால் கொட்டிலை நாலு பக்கமும் மூடிவிட்டு வைக்காதீர்கள், அந்தப் புகையும் கொல்லும்.

இரண்டு குஞ்சு சுருண்டு கிடக்கும்போதே என்னைக் கூப்பிடுங்கள், இரவென்றாலும் வருவேன். சாக்கில் கட்டிய பிறகு கூப்பிட்டால் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.