கொலைகாரன் கதை படித்தால் யாரும் கொலைகாரன் ஆகிவிட மாட்டார்கள்

மறுபடியும் ஒரு அம்மா, ஒரு நாவலை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். "இதைப் படிச்சதுல இருந்துதான் டாக்டர் இப்படி ஆயிட்டான்." பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "அம்மா பக்கத்துல இருக்காங்க. ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

வீட்டில் கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாம் பீரோவுக்குள். காய் நறுக்குவதற்கு மட்டும் அம்மா கீழ்வீட்டுக்குப் போகிறார்.

நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய நாவல் அது. ஒரு சைக்கோபாத், தான் செய்த கொலைகளை 'நான்' என்று தானே சொல்லிக்கொண்டு போகிறான். அப்படிச் சொல்லும்போது அவன் நியாயம் சில பக்கங்களுக்கு நமக்கும் நியாயமாகவே படும். அவன் பேச்சுக்குச் சிரித்துக்கூட விடுவோம். அப்புறம்தான் தூக்கிவாரிப்போடும். எழுதியவர் திறமைசாலி, அவ்வளவுதான். உங்கள் மனதில் கோளாறு ஒன்றுமில்லை.

"அவன் மனசுக்குள்ள போய்ட்டு வந்தா அது நம்மளையும் ஒட்டிக்கும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒட்டாது. சைக்கோபதி ஒருவரது சிறு வயதிலிருந்தே தெரிகிற குணவார்ப்பு. கூசாமல் பொய் சொல்வது, பிறர் வலியைக் கண்டு இரங்காதது, செய்த தப்புக்குத் துளியும் வருந்தாதது என்று வருஷக்கணக்காகத் தொடரும். போன மாதம் படித்த புத்தகத்தால் வருவதில்லை. அப்படிப்பட்டவர் "நான் யாரையாவது காயப்படுத்திடுவேனோ" என்று அழுதுகொண்டு என்னிடம் வந்து நிற்கவும் மாட்டார். இந்தப் பையன் பத்து நாளாகத் தூங்கவில்லை. காரணம், அம்மா மேல் இருக்கிற பாசம். அவனுக்கு இருப்பது ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய். நாவல் அந்த எண்ணத்துக்கு ஒரு உருவம் கொடுத்தது. நாவல் இல்லாவிட்டால் ஒரு செய்தியோ சீரியலோ கொடுத்திருக்கும்.

"பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன" மாதிரியான வேண்டாத எண்ணங்கள் பெரும்பாலானவர்களுக்கு வந்து போகின்றன. ராக்மன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978-லேயே ஆய்வு செய்து இதை எழுதிவிட்டார்கள். ஓசிடி உள்ளவருக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அடிக்கடி வரும், அழுத்தமாக வரும், லேசில் போகாது.

இன்னொன்று, 'நீங்கள் சைக்கோபாத்தா?' என்று மொபைலில் வரும் டெஸ்ட். தயவுசெய்து வேண்டாம். சைக்கோபதியை அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய அளவுகோலில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். பயிற்சி பெற்றவர் நேரில் நீண்ட நேரம் பேசி, பழைய ஆவணங்களையும் பார்த்துத்தான் போட வேண்டும். நமக்கு நாமே போட்டுக்கொள்ள முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கத்தியை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்தால், "அப்போ நான் ஆபத்தானவன்தான்" என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்ல?" என்று ராத்திரி முழுக்கக் கேட்டால், ஒவ்வொரு தடவையும் "மாட்டடா கண்ணா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். கேட்க மனசு கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் அந்தச் சமாதானம்தான் நோய்க்குத் தீனி. வேப்பிலை அடித்து ஒரு மாதத்தை வீணாக்கவும் வேண்டாம். பயப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன.

படிப்பவர்களுக்கு: தூங்கப் போகும் முன் இந்த வகை நாவல் வேண்டாம். பாதியில் மூடி வைப்பது தோல்வி இல்லை. ஏற்கெனவே ஓசிடியோ கடும் மனச்சோர்வோ இருந்தால், தேறிய பிறகு படியுங்கள், புத்தகம் எங்கேயும் போகாது.

காதில் குரல் கேட்டு அது கட்டளை போட்டால், யாரையாவது தாக்கத் திட்டமே மனதில் ஓடினால், சாக வேண்டும் என்று தோன்றினால், அது வேறு விஷயம். அன்றைக்கே வாருங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அரசு மருத்துவமனைதான், தயங்காமல் போகலாம். கிளம்ப முடியாத நேரமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.